நோயாளியின் அருகில் யார் இருப்பது? யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

நல்லூர் என்றவுடன் உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவன கந்தசுவாமி கோயிலின் மணியோசையும் ஆவணி மாதத்துத் தேரும்தான். அந்த ஊரைக் கத்தோலிக்கத் திருச்சபையோடு சேர்த்து எண்ணுபவர் மிகச் சிலரே. எண்ணுபவருக்கும் இரண்டு செய்திகளே நினைவுக்கு வரும். 1621 ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவேரா என்ற போர்த்துக்கேயத் தளபதி நல்லூர்க் கோயிலை இடித்துத் தள்ளியது ஒன்று. நல்லூரில் தங்கித் தமிழாராய்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் கிடக்கின்றன. கோயிலை இடித்தவர்களின் சமயம், நோயாளியின் பாயருகே அமர்ந்து கஞ்சி ஊட்டும் சமயமாக யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது அந்த இடைக்காலத்தில்தான். அது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். செயற்கைச் சுவாசக் கருவியைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று வைத்தியர் தொலைபேசியில் கேட்கிறார். அண்மைக் காலத்தில் நம் குடும்பங்களுக்குள் இந்தக் கேள்வி புகாத வீடு குறைவு. நான் கத்தோலிக்கன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் இந்தக் கேள்வியை நெடுங்காலமாக, பொறுமையாக, நுணுக்கமாக ஆராய்ந்து வைத்திருக்கும் மரபுகளுள் கத்தோலிக்க மரபும் ஒன்று என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். அதன் ஒரு கிளை நமது மண்ணிலேயே வளர்ந்தது என்பது பலர் அறியாதது.

வரலாற்றைச் சற்றுத் தொலைவிலிருந்து, ஸ்பெயின் நாட்டின் சலமங்கா பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்க வேண்டும். அங்கே 1526 முதல் தாம் இறக்கும் 1546 வரை இறையியல் கற்பித்தவர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற தொமினிக்கன் துறவி. அவர் இரண்டு விடயங்களைப் போதித்தார். அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் கிறிஸ்தவர் அல்லர் என்பதற்காக அவர்களது நிலத்தையும் ஆட்சியையும் பறிக்கும் உரிமை எந்த அரசனுக்கும் கிடையாது என்று 1539 இல் விரிவுரை நிகழ்த்தினார். நோயுற்றவனைப் பற்றிய போதனை மற்றது. உணவு உண்பதே வதையாகிவிட்ட நோயாளி உண்ணாதிருந்தால் அவன்மேல் குற்றம் இல்லை; உயிரை நீட்டிப்பதற்காகக் கோழியிறைச்சி போன்ற விலையுயர்ந்த பதார்த்தங்களைத் தேடி உண்ணும் கடமையும் அவனுக்கு இல்லை என்றார் அவர். ‘சாதாரண வழிகள்’, ‘அசாதாரண வழிகள்’ என்று பின்னாளில் கத்தோலிக்க மருத்துவ அறநெறி வகுத்த பாகுபாட்டின் வித்து இங்கேதான் இருக்கிறது. பிற சமயத்தவனும் முழு மனிதன். நோயாளியும் முழு மனிதன். இரண்டும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள் என்பதே என் கருத்து.

அந்தச் சிந்தனை கப்பலேறி நல்லூருக்கு வரவில்லை. வந்தவை பீரங்கிகளே. மன்னாரில் மதம் மாறிய பரவர் முதலான மக்களை 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். அந்தக் கொடுமையையும் மறைக்கலாகாது. 1560 இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ தெ பிறகன்சா படையோடு வந்து நல்லூரைத் தாக்கினான். 1591 இல் மீண்டும் படையெடுப்பு. 1619 இல் அரசு வீழ்ந்தது. இறுதி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். இரண்டு ஆண்டுகளில் கோயிலும் போயிற்று. அந்த நாட்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் மனம் விரும்பி வந்தவர் எத்தனை பேர், அச்சத்தாலும் பதவி ஆசையாலும் வந்தவர் எத்தனை பேர் என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

1658 இல் காட்சி மாறியது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நேற்று ஆட்சியின் சமயமாக இருந்தது இன்று ஒளித்துச் செபிக்கும் சமயமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், குருவானவர் இல்லாமல், பாட்டிமாரின் செபமாலையில் மட்டும் அது உயிர் தாங்கியது.

இந்த நிலையில்தான் 1687 இல் பிச்சைக்காரர் கோலத்தில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். கோவாவின் பெனோலிம் கிராமத்தில் 1651 இல் கொங்கணிப் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1676 இல் குருவானவரான யோசேப் வாஸ் அவர். அவரை எந்தச் சபையும் படையோடு அனுப்பவில்லை. யோவான் என்ற பணியாள் ஒருவரே துணை. யாழ்ப்பாணம் வந்த சிறிது காலத்தில் கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. பாதையோரம் கிடந்த அந்த அந்நியருக்கு உள்ளூர் ஏழைப் பெண்கள் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது அவரது வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. கஞ்சி கொடுத்தவர்கள் அவர் குருவானவர் என்பதை அறிந்திருக்கவில்லை. நோயுற்ற மனிதர் என்பது மட்டுமே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

நலம் பெற்றபின் அவர் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலைக் கிராமம் அவரைத் தன் மடியில் வைத்துக் காத்தது. ஒல்லாந்த அதிகாரிகள் தேடுதல் நடத்தி, கிறிஸ்மஸ் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சிறைப்பிடித்துத் தண்டித்தபோதும் மக்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் காப்பது விசுவாசத்தின் பகுதி என்பதை அந்த மக்கள் எந்த நூலிலும் படித்திருக்கவில்லை; செய்து காட்டினார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவர் புத்தளத்துக்கும், 1692 இல் கண்டிக்கும் சென்றார். கண்டியில் உளவாளி என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவரைப் புரிந்துகொண்டு நடமாட இடமளித்தான். பின்னர் 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அக்காலத்தில் வைசூரி கண்ட ஒருவரை வீட்டில் வைத்திருக்க எவரும் துணியார்; காட்டோரத்தில் விட்டு விலகுவதே வழக்கம். நகரத்தை விட்டுச் செல்ல முடிந்தவர் அனைவரும் சென்றனர். யோசேப் வாஸ் செல்லவில்லை. கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த யோசேப் கர்வாலோ என்ற உறவினரான குருவானவரோடு சேர்ந்து, கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலைகளாக்கி, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கம் செய்தார். கழுவப்பட்ட புண் பௌத்தருடையதா கத்தோலிக்கருடையதா என்று அவர் பார்க்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரியம்மைக்கு அன்று மருந்து இல்லை. எட்வர்ட் ஜென்னரின் தடுப்புமுறைக்கு இன்னும் நூறாண்டு இருந்தது. ஆகவே யோசேப் வாஸ் செய்தது ‘குணப்படுத்தல்’ அன்று. குணப்படுத்த முடியாத இடத்திலும் செய்வதற்கு ஒரு பணி இருக்கிறது என்பதையே அவர் காட்டினார். தண்ணீர், கஞ்சி, சுத்தமான துணி, தொடுகை, பேச்சு. இன்றைய மருத்துவம் வலிதணிப்புப் பராமரிப்பு என்று தனித்துறையாக வளர்த்திருப்பதன் அடிப்படை அதுவே. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் அவர் இறந்தார். 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராகவும் அறிவித்தனர்.

அவருக்குப் பின்னும் கோவாவின் ஒறற்றோரியன் குருமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு இந்தத் தீவின் கத்தோலிக்கரைப் பேணினர். ஆங்கிலேயர் வந்தபின் 1806 இல் கத்தோலிக்கர்மீதான சட்டத் தடைகள் நீங்கின. 1847 இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தனர். 1862 இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து கல்வியிலும் பராமரிப்பிலும் ஈடுபட்டனர்.

இங்கே நேர்மையாக இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். இருவரும் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்து, மானிப்பாயில் நிலைகொண்டு, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழில் ஆக்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் நோயைச் சொல்வது அவனை மதிப்பதன் முதற்படி. நோயாளியின் சம்மதம் பற்றி இன்று பேசுவோர் கிறீனை நினைவுகூர வேண்டும். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலரோ 1877 இன் பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பாதிரிமாரோடு வாழ்நாள் முழுவதும் வாதிட்ட நாவலரும், அவர் எதிர்த்துநின்ற பாதிரிமாரும் பசித்தவன் முன்னால் ஏறக்குறைய ஒரே வேலையையே செய்தார்கள்.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் இந்தப் பின்னணியில்தான் வருகிறார். 1875 இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, 1901 இல் குருவானவராகி, நல்லூரைத் தம் பணித்தளமாகக் கொண்டு 1947 ஜனவரி 22 வரை வாழ்ந்தவர். சைவத்தை மறுத்துக் கடுமையாக எழுதியவர் அவர், அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் யாழ்ப்பாண வரலாற்றையும் தமிழ்ச் சொற்பிறப்பையும் ஆராய்ந்தபோது, தாம் மறுத்த சமயத்தின் பிள்ளைகளுக்கே அவர்களது பழமையைத் திரும்பக் கையளித்தார். 1928 இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ இன்றும் சைவ அறிஞராலும் எடுத்தாளப்படுகிறது. ஒலிவேரா இடித்த ஊரில், அதே திருச்சபையின் துறவி ஒருவர் இடிக்கப்பட்ட அரசின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உரோமை இதனைச் சட்டமாக எழுதுவதற்குச் சற்றுக் காலம் பிடித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று சமய சுதந்திரம் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அந்த ஏட்டின் இலத்தீன் தலைப்பே ‘மனித மாண்பு’ என்றுதான் தொடங்குகிறது. விசுவாசத்தை எவர்மீதும் வற்புறுத்தலாகாது என்பது அதன் மையம். அதே நாளில் வெளியான மற்றோர் ஏடு கொலை, சித்திரவதை, அடிமைத்தனம், மனிதத் தன்மைக்கு ஒவ்வாத வாழ்நிலை ஆகிய அனைத்தையும் ஒரே பட்டியலில் வைத்துக் கண்டித்தது. 1972 இல் இன்னொரு மாற்றம் வந்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர் ‘அவஸ்தை பூசுதல்’ என்று சொல்லிவந்த திருவருட்சாதனம் ‘நோயில் பூசுதல்’ ஆயிற்று. முன்பு குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு படலையில் நுழைந்தாலே வீட்டார் ஒப்பாரி தொடங்கிவிடுவர். மரணத்தின் அறிவிப்பு அது. இப்போது அது நோயாளிக்கான துணையாக மாறியது. ஒரு சொல்லின் மாற்றத்துக்குள் ஒரு முழு மனமாற்றம் அடங்கியிருக்கிறது.

போர்க் காலம் இந்தப் போதனைகளையெல்லாம் உரைகல்லில் உரைத்துப் பார்த்தது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தபோது மக்கள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்தனர். அம்மாதம் 21 ஆம் நாள், தீபாவளியன்று, படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டனர். இரு நாட்களில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என ஏறக்குறைய எழுபது பேர் மாண்டனர். கைகளை உயர்த்திக்கொண்டு தாதியரோடு வெளியே வந்த சிறுவர் நோய் நிபுணர் சிவபாதசுந்தரமும் அவர்களுள் ஒருவர். ஓடித் தப்பியிருக்கக் கூடியவர்கள் நோயாளிகளுக்காகவே அங்கு தங்கினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் கண்டியில் 1697 இல் நகரை விட்டுப் போகாத அந்தக் குருவானவருக்கும் இவர்களுக்கும் உறவு உண்டென்றே நான் நினைக்கிறேன். 1990 இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் அந்த வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் அமைந்தது. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தின்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அங்கு தஞ்சமடைந்திருந்தவர்களுள் சைவரும் இருந்தனர், கத்தோலிக்கரும் இருந்தனர்.

இனி, தொலைபேசியில் வரும் அந்தக் கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபை ‘எப்பாடு பட்டாவது உயிரை நீட்டியே தீர வேண்டும்’ என்று சொல்வதாகப் பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. 1957 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து நிபுணர்களுக்கு ஆற்றிய உரையில், சாதாரண வழிகளைப் பயன்படுத்துவதே கடமை என்றும், நோயாளிக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகள் கட்டாயமல்ல என்றும் தெளிவாகச் சொன்னார். கடும் வலிக்கு வேறு வழி இல்லையெனில், ஆயுள் சிறிது குறையக்கூடும் என்று தெரிந்தாலும் மோர்பின் போன்ற மருந்துகளைக் கொடுக்கலாம் என்பதும் அதே ஆண்டில் அவர் தந்த விளக்கமே. நோக்கம் வலியைத் தணிப்பதாக இருக்க வேண்டும். கொல்வதாக இருக்கக் கூடாது. 1980 இன் வத்திக்கான் அறிக்கை இதனை மேலும் விளக்கிற்று. சிகிச்சையால் வரும் பயனும் அதன் சுமையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது அதனை மறுப்பது தற்கொலை ஆகாது. மனித நிலையை ஏற்றுக்கொள்வதாகும்.

ஆனால் எல்லைக்கோடு ஒன்று உண்டு. துன்பத்தை முடிப்பதற்காக உயிரையே முடிப்பதைத் திருச்சபை ஒருபோதும் ஏற்கவில்லை. உணவும் நீரும், உடல் அவற்றை ஏற்கும் வரையில், மருந்தல்ல, அடிப்படைப் பராமரிப்பு என்கிறது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் மருத்துவ உதவியுடனான மரணம் 2016 இல் சட்டமாகி, 2021 இல் விரிவடைந்தது. சுவிற்சர்லாந்தில் தற்கொலைக்குத் தன்னலமின்றி உதவுவது நெடுங்காலமாகவே குற்றமன்று. அந்நாடுகளில் வாழும் தமிழர் இதில் கருத்து வேறுபடலாம். தாங்க முடியாத வேதனையில் கிடப்பவரின் வேண்டுகோளை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் 2020 இலும் 2024 இலும் வெளிவந்த வத்திக்கான் ஏடுகள் எழுப்பும் ஒரு வினா சமயங்களைக் கடந்தது. பிறருக்குச் சுமையாகிவிட்டேன் என்ற எண்ணம் ஒரு மனிதரைச் சாவை விரும்பச் செய்தால், அங்கே குறைபட்டிருப்பது அவரது மாண்பா, அவரைச் சூழ்ந்திருப்போரின் நட்பா? 2024 இன் ஏடு, மனிதராய்ப் பிறந்ததாலேயே உள்ள மாண்பு எந்த நிலையிலும் அழியாது என்கிறது. சமூகமும் வாழ்நிலையும் தரும் மாண்பு உணர்வு குறையலாம். அதை மீட்டுத் தருவது சுற்றத்தாரின் கடமை.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் நோயாளி உள்ள வீட்டுக்கு அயலவர் மாலையில் சென்று செபமாலை சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் இது வெறும் சடங்காகவே தோன்றும். கவனித்தால் இன்னொன்று புலப்படும். வந்தவருள் ஒருவர் போர்வையைச் சரிசெய்வார். ஒருவர் நோயாளிக்குத் தண்ணீர் பருக்குவார். இரவு விழித்திருந்து களைத்த மகளைச் சற்று உறங்கச் சொல்லி இன்னொருவர் பக்கத்தில் அமர்வார். நாளை யார் வருவது என்ற முறையும் பேசி முடிவாகும். சைவ வீடுகளில் தேவாரம் ஓதும் அயலவரும் இதையே செய்வதுண்டு. நமது ஊர்கள் போரினாலும் புலப்பெயர்வினாலும் இழந்த செல்வங்களுள் இந்த முறையும் ஒன்று. பணம் அனுப்பப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் அமர ஆள் இல்லை.

ஆகவே வைத்தியரிடமிருந்து அழைப்பு வரும்போது, ‘கருவியை எடுப்பதா, விடுவதா’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. அம்மாவுக்கு நோவு இருக்கிறதா? அதைத் தணிக்க என்ன செய்கிறீர்கள்? இந்தச் சிகிச்சை அவரை எங்கே கொண்டு சேர்க்கும்? அவர் நினைவோடிருந்த நாளில் என்ன விரும்பினார்? இவற்றோடு, இப்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு யார் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். அதற்கு ‘ஒருவரும் இல்லை’ என்பது பதிலானால், முதலில் தீர்க்க வேண்டியது அதுவே. நல்லூரிலோ சில்லாலையிலோ தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் இருக்கச் சொல்லுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாதையோரம் கிடந்த ஒரு அந்நியருக்கு அந்த மண்ணின் பெண்கள் கேள்வி எதுவும் கேளாமல் கஞ்சி கொண்டு வந்தார்கள். இன்று கேட்டால் வராமலா போவார்கள்?